வண்டி போகட்டும்

போன மாதம் சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். என் அக்கா மகள் நித்யாவின் பையன் அங்கே மூன்றாம் வகுப்பு. நாடகத்தில் அவனுக்கு மரம் வேஷமோ மேகம் வேஷமோ இல்லை, மந்திரி வேஷம் என்று சொல்லிச் சொல்லியே நித்யா என்னைக் கிளப்பிவிட்டாள். கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டர்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே அரை மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது மன்னர் தர்பாரில் அமர்ந்துவிட்டிருந்தார்.

இப்போதெல்லாம் பள்ளி நாடகங்களில் பிள்ளைகள் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. வசனத்தையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்களாம். ஸ்பீக்கரில் குரல் வரும். பிள்ளைகள் வாயை அசைத்துக் கையை ஆட்டினால் போதும். எங்கள் வீட்டு மந்திரி முன்னால் வந்து, “மன்னா, நாட்டில் பஞ்சம்” என்று யாரோ ஒரு பெண்ணின் குரலில் அறிவித்துக் கையைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் சிக்கிக்கொண்டது. சத்தம் நின்றது. மன்னர், மந்திரி, நான்கு சேவகர்கள், ஒரு மான் எல்லோரும் அப்படியே நின்றார்கள். தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி. மான் மட்டும் மூக்கைச் சொறிந்துகொண்டது.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்னை அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“என்ன சித்தி, டைம் பாக்கறீங்க?” என்றாள் நித்யா.

“கொஞ்சம் லேட்டா இருக்கும். வந்துடும்” என்றேன்.

என்ன வந்துவிடும் என்று அவள் கேட்கவில்லை. அறுபது வயதுக்கு மேல் நாம் சொல்வதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதிக்கு மேல் விசாரிப்பதில்லை, அது ஒரு சௌகரியம். உங்களிடம் சொல்கிறேன். நான் எதிர்பார்த்தது ரயிலை.

எங்கள் காலனி கிழக்குத் தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. ஒட்டி என்றால் நிஜமாகவே ஒட்டி. கடைசி வரிசை வீடுகளுக்கும் ரயில்வே வேலிக்கும் நடுவில் ஒரு மைதானம், அவ்வளவுதான் இடைவெளி. அந்த மைதானத்தில்தான் வருடத்துக்கு ஒருமுறை காலனி தினம் நடக்கும். மியூசிகல் சேர், லெமன் ஸ்பூன், சிறுவர் மாறுவேடம் எல்லாம் முடிந்து, மாலை ஆறு மணிக்கு நாடகம். வீட்டுக்கு ஒரு பெஞ்சாகக் கடன் வாங்கிச் சேர்த்துக் கட்டிய மேடை. திரை என்பது சாமுவேல் சார் வீட்டுப் பெரிய ஜமக்காளம். வருடம் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு அன்று ஒருநாள் வெளியே வருவதால் அதில் பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். இன்றைக்கும் பழைய பட்டுப்புடவையை எடுத்து உதறினால் எனக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வருவதில்லை, அடுத்து நான் மேடைக்குப் போக வேண்டும் என்று கை தானாகத் தலைப்பைச் சரிசெய்கிறது.

சாமுவேல் சார்தான் எங்கள் நாடகாசிரியர், இயக்குநர், எல்லாம். பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒல்லியாக, எப்போதும் பேனாவோடு இருப்பார். வருடம் ஒரு நாடகம், கோடு போட்ட நோட்டில், நீல மையில் எழுதுவார். நடுநடுவே சிவப்பு மையில் ஒரு வரி வரும்: ‘வண்டி போகட்டும்.’

மாலை நேரத்தில் அந்தப் பாதையில் எத்தனை வண்டிகள் போகும் என்று நினைக்கிறீர்கள்! பீச் ஸ்டேஷன் போகிற மின்சார வண்டி, பீச்சிலிருந்து வருகிற வண்டி, தெற்கே போகிற நீள வண்டிகள். ஒவ்வொன்றும் கடக்கும்போது மேடையில் தொண்டை கிழியக் கத்தினாலும் முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. மற்றவர்களாக இருந்தால் வேறு இடம் தேடியிருப்பார்கள். சாமுவேல் சார் ரயில்வே அட்டவணையை வாங்கிவந்தார். ஆறு மூன்றுக்குப் போகிற வண்டியின் கடைசிப் பெட்டி மறைந்ததும் திரை விலக வேண்டும். அங்கிருந்து கணக்குப் போட்டு, எந்த வசனத்தில் எந்த வண்டி வரும் என்று முன்கூட்டியே எழுதிவிடுவார். வண்டி வந்ததும் நாங்கள் எந்த நிலையில் இருக்கிறோமோ அந்த நிலையில் உறைந்து நிற்போம். போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவோம். எங்கள் ஜனங்களும் பழகிவிட்டார்கள். வண்டி போகும் நேரத்தில் பக்கத்து ஆளிடம் பேசிக்கொள்வார்கள், பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், முடிந்ததும் மேடையைப் பார்ப்பார்கள்.

வண்டி தாமதமானால்தான் கஷ்டம். அது வரும்வரை காட்சியை இழுத்தாக வேண்டும். ஒரு வருடம் டாக்டர் வேஷம் போட்ட ஜெயராஜ் அண்ணன், சாகக் கிடந்த நோயாளியின் நாடியைப் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் நோயாளியே பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, வண்டிச் சத்தம் கேட்டதும் மறுபடி படுத்துச் செத்துப்போனார்.

ஜெயராஜ் அண்ணன் தபால் ஆபீசில் வேலை பார்த்தார். கணீர் குரல். கிரிக்கெட் பைத்தியம். எங்கள் குழுவில் இன்னொருவர் ஏழுமலை அண்ணன். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டியவர். போஸ்ட்மேன், போலீஸ், எமன் எல்லாம் அவர்தான். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். காலையிலிருந்து மாலைவரை எனக்கு ஒரே வசனம்: “ஒன் மினிட் ப்ளீஸ்.” நான் பேசுவதற்காக யாரும் எனக்குப் போன் செய்வதில்லை, வேறு யாருக்கோ கொடுக்கச் சொல்லித்தான் செய்வார்கள். அதனால் வருடத்தில் அந்த ஒரு மாலை, முந்நூறு பேர் நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சாதாரண விஷயமாக இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன்.

அந்த நாடகத்துக்குத்தான் ஒரு வருடம் ஆபத்து வந்தது. காலனி சங்கச் செயலாளர் பரமசிவம், கூட்டத்தில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“எல்லா காலனிலயும் ஆர்க்கெஸ்ட்ரா வெக்கறாங்க. ஜனங்க ஜாலியா கை தட்டறாங்க. நாம மட்டும் வருஷா வருஷம் அழுதுட்டு ஒக்காந்திருக்கோம். இந்த வருஷம் நாடகம் வேணாம் சார்.”

சாமுவேல் சார் கையில் இருந்த நோட்டை மூடினார். அந்த வருடத்து நாடகத்தை அன்றுதான் எழுதி முடித்துக் கொண்டுவந்திருந்தார். வகுப்பில் அவர் பாடம் நடத்தும்போது பின் பெஞ்சு பேசிக்கொண்டேதான் இருக்கும். அவர் சொல்வதை ஊர் வாயை மூடிக் கேட்டது அந்த மேடையில் மட்டும்தான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெயராஜ் அண்ணன்தான் சண்டைக்குப் போனார். வாக்குவாதம் முற்றியதில் பரமசிவம் ஒரு வழி சொன்னார்.

“சரி. உங்க நாடகம் அவ்ளோ ஒசத்தின்னா வெளியில எங்கியாவது போட்டு ஒரு ஷீல்டு வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம். இல்லாட்டி ஆர்க்கெஸ்ட்ராதான்.”

ஷீல்டுக்கு எங்கே போவது? ஏழுமலை அண்ணன்தான் கண்டுபிடித்தார். கோவளத்தில் அவருடைய மாமியார் வீடு. அங்கே மீனவ இளைஞர்கள் சேர்ந்து திருவிழாவையொட்டி நாடகப் போட்டி வைக்கிறார்கள் என்றார். “நம்ம மச்சான்தாம்மா மேடை போடறான். பேரு குட்த்துட்டேன்.” கேட்காமலே கொடுத்துவிட்டிருந்தார்.

நாடகத்தின் கதை ரொம்பச் சின்னது. கணவன் துபாய்க்குப் போயிருக்கிறான். இரண்டு பிள்ளைகளோடு மனைவி காத்திருக்கிறாள், அது நான். கடிதம் வருகிறது, போஸ்ட்மேன் ஏழுமலை அண்ணன். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் கணவனின் அண்ணன் படித்துக் காட்டுகிறார். அது ஜெயராஜ் அண்ணன். ‘நான் இனி வரமாட்டேன். இங்கே எனக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.’ அந்த இடத்தில் சரியாகத் தெற்கே போகிற நீள வண்டி வரும். அது தாம்பரத்தில் நிற்பதற்காக வேகம் குறைத்து ஊர்ந்து போவதால் கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். மற்ற வண்டிகளுக்குத்தான் உறைந்து நிற்க வேண்டும். இந்த வண்டிக்கு மட்டும் நான் மார்பில் அடித்துக்கொண்டு கதற வேண்டும். என்ன கதறுவது? சாமுவேல் சார் வசனமே எழுதவில்லை. யாருக்கும் கேட்கப்போவதில்லையே. சிவப்பு மையில் ‘வண்டி போகட்டும்’ என்று மட்டும் இருந்தது. வண்டி போன பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி மாமா. பசங்க ஸ்கூல்லேர்ந்து வர நேரமாச்சு” என்று உள்ளே போக வேண்டும். திரை.

இதைவிட நல்ல முடிவை அவர் எழுதியதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் ஒன்றரை நிமிடம் சத்தமாக எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமே! சும்மா வாயைத் திறந்து மூடினால் மீன் மாதிரி இருக்கிறது என்று சார் சொல்லிவிட்டார். ஒத்திகை மாலையில், வேலை முடிந்து வந்து நேராக மைதானத்துக்குப் போவேன். ஒத்திகை முடிந்து மார்க்கெட் போய் வீட்டுக்குக் காய்கறி வாங்க வேண்டும். அம்மா காலையில் வாய்ப்பாடமாகப் பட்டியல் சொல்லி அனுப்புவாள். ஒன்று மறந்தாலும் வீட்டில் பூசை. ஆகவே அந்த ஒன்றரை நிமிடத்தை நான் வீணாக்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு, கண்ணீர் விட்டுக்கொண்டு, “வெங்காயம் ஒரு கிலோ! தக்காளி அரைக் கிலோ!” என்று உச்சக் குரலில் மனப்பாடம் செய்வேன். எதிரே ஜெயராஜ் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அன்றைய ஸ்கோரைச் சொல்லுவார். வண்டிச் சத்தத்தில் ஒரு எழுத்தும் வெளியே போகாது. மறைவில் நின்ற சாமுவேல் சார் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். “உதடு துடிக்குது பார். அதுதாம்மா நடிப்பு” என்பார்.

கோவளத்தில் ரயில் கிடையாது என்பது சாருக்குத் தெரியாமல் இல்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, முன்னேற்பாடு செய்துவிட்டார். பள்ளியின் டேப் ரெக்கார்டரைக் கேட்டு வாங்கி, வேலியோரம் நின்று நீள வண்டியைப் பதிவு செய்தார். முதல் நாள் பதிவில் வண்டிக்கு நடுவே, “டேய், மாடில துணி காயுதுடா, எடுடா எருமை” என்று பக்கத்து வீட்டுக் குரல் விழுந்துவிட்டது. இரண்டாம் நாள் பேட்டரி தீர்ந்தது. மூன்றாம் நாள் சுத்தமான ஒன்றரை நிமிடம் கிடைத்தது. மற்ற வண்டிகளுக்கான இடங்களையெல்லாம் நோட்டில் அடித்துவிட்டார். இந்த ஒன்று மட்டும் இருந்தது.

கேளம்பாக்கம் வழியாக ஒரு வேனில் நாங்களும், பின்னால் ஆட்டோவில் ஜமக்காளமும் டேப் ரெக்கார்டருமாகப் போய்ச் சேர்ந்தோம். கிளம்பும்போது அம்மா தெருமுனைவரை வந்து, “கோவளம்தானே போற, வஞ்சிரம் மீன் கெடச்சா பாத்து வாங்கிட்டு வா, இல்லாட்டி சங்கரா” என்று அன்றைய பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டாள்.

மணலிலேயே மேடை. ஒரு பக்கம் ஏற்றிவைத்த படகுகள், மறுபக்கம் காய்கிற வலை, காற்றில் உப்பும் மீனும். நடுவில் ஒரே ஒரு மைக் கயிற்றில் தொங்கியது. சாமுவேல் சார் கடலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இது நிக்கவே நிக்காதா?” என்று கேட்டார்.

“அத்து பாட்டுக்கு அத்து சார். யாரும் அத்த கண்டுக்க மாட்டாங்கோ” என்றார் ஏழுமலை அண்ணன்.

வெளிச்சம் மங்குவதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. நாடகம் நன்றாகத்தான் போயிற்று. போஸ்ட்மேன் வந்தார், கடிதம் கொடுத்தார், போனார். அவருடைய அடுத்த வேலை மறைவுக்குப் போய் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்துவது. ஜெயராஜ் அண்ணன் கடிதத்தைப் படித்தார். ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள்’ என்ற சொல் வந்ததும் எனக்கு எப்போதும் போலக் கை மார்புக்குப் போயிற்று. வண்டி வரும் என்கிற நம்பிக்கையில் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, ஒரு ரயிலையே மிஞ்சுகிற குரலில் அலறினேன்.

“வெங்காயம் ஒரு கிலோ!”

மைக் அதைக் கோவளம் முழுக்கக் கொண்டுபோயிற்று.

வண்டி வரவில்லை. மணல் புகுந்து பொத்தான் இறுகிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஏழுமலை அண்ணன் மறைவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அதை அழுத்திக்கொண்டிருந்தாராம். நான் என் குரலை நானே கேட்டேன். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் பழகிய வாய் நிற்கவில்லை. அடுத்தது தானாக வந்தது. “தக்காளி அரைக் கிலோ…” முடிந்தது, ஷீல்டு போயிற்று, சாரின் நாடகத்தை நானே குழிதோண்டிப் புதைத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. “கத்திரிக்கா… பிஞ்சா பாத்து…” குரல் உடைந்தது. “இஞ்சி ஒரு துண்டு…” கடைசியில், அம்மா தெருமுனையில் சொன்னது: “வஞ்சிரம் கெடச்சா அரைக் கிலோ. இல்லாட்டி… சங்கரா போதும்.”

கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. கடல் மட்டும் அது பாட்டுக்கு இருந்தது. துண்டால் முகத்தை மூடியிருந்த ஜெயராஜ் அண்ணன் மெதுவாகத் துண்டை இறக்கினார். அவருக்கும் அன்றைக்கு ஸ்கோர் தொண்டைவரை வந்திருந்ததாகப் பிறகு சொன்னார். விழுங்கிவிட்டார். என்னிடம் வந்து, நோட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

“அழாதம்மா. எல்லாத்தையும் நான் வாங்கியாந்து தர்றேன்.”

அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு பெண் ஓவென்று அழுதாள். “ஐயோ, புத்தி பேதலிச்சிப்பூட்ச்சே அதுக்கு! புருசன் இல்லன்னு தெரிஞ்சிம் சோறாக்க நிக்குதே!” என்று இன்னொருத்தி. ஆண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சுகிற சத்தம். நான் எப்படியோ, “சரி மாமா. பசங்க ஸ்கூல்லேர்ந்து வர நேரமாச்சு” என்று முடித்துவிட்டு உள்ளே ஓடினேன். என் பின்னால் ஜமக்காளம் விழுந்தது.

மறைவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன். சாமுவேல் சார் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. அப்போது முன்வரிசையில் அழுத பெண் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பனையோலையில் சுற்றிய ஒரு பொட்டலம்.

“அயாத கண்ணு. இந்தா, சங்கரா. காலைல வந்தது. இத்த எட்த்துக்கினு போயி கொயம்பு வய்யி. அந்தப் பாவி வர்லன்னா இன்னா, நாங்கல்லாம் இல்ல?”

நாடகம்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சாமுவேல் சார் வேண்டாமென்று தலையசைத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஷீல்டு எங்களுக்குத்தான். மரப்பலகையில் தகரத்தால் ஒரு படகு ஒட்டியிருந்தது. நடுவராக வந்திருந்த பெரியவர், இவ்வளவு உண்மையான கடைசி வசனத்தைத் தான் கேட்டதில்லை என்று மைக்கில் சொன்னார். எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும் என்றார். சாமுவேல் சார் எழுந்து நின்றார். பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது வேன் கேளம்பாக்கம் தாண்டியது. மடியில் ஷீல்டோடு உட்கார்ந்திருந்த சார் மெல்லக் கேட்டார்.

“ஏம்மா, தினமும் வண்டி போகும்போது நீ இதத்தான் சொல்லிட்டிருந்தியா?”

“ஆமா சார்.”

“நீங்க, ஜெயராஜ்?”

“நான் ஸ்கோர் சார்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க ரெண்டு பேரையும் பாத்து நான் தினமும் அழுதுட்டு இருந்தேனேய்யா!” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி அவர் சிரித்து நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வண்டலூர் வரும்வரை நிற்கவில்லை. வீட்டில் அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, “வஞ்சிரம் கெடைக்கலியா?” என்று மட்டும் கேட்டாள்.

பரமசிவம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஷீல்டைச் சங்க அறையில் மாட்டி மாலை போட்டார். ஆனால் ஒரு நிபந்தனை: கோவளத்தையே அழவைத்த அந்தக் காய்கறி வசனம் காலனி தினத்திலும் வேண்டும். அந்த இடத்தில் வண்டி வரும், கேட்காது என்றார் சார். “அப்ப வண்டி போனப்புறம் வெச்சுக்குங்க” என்றார் பரமசிவம்.

வைத்தோம். நீள வண்டி சரியாக வந்தது, போயிற்று. மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நான் குரல் நடுங்க, “வெங்காயம் ஒரு கிலோ” என்றேன். ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தக்காளிக்கு இரண்டு வரிசை சிரித்தது. இவர்கள் எல்லோரும் தினமும் மார்க்கெட்டில் கூடையோடு என்னைப் பார்க்கிறவர்கள். இஞ்சிக்கு வந்தபோது மைதானமே குலுங்கியது. நடுவில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: “வெண்டைக்காய விட்டுட்டியே!” திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. என் அம்மா.

அடுத்த நாள் சார் நோட்டைத் திறந்து அந்த வசனத்தை நீலக் கோட்டால் அடித்தார். பழைய சிவப்பு வரியை மறுபடி எழுதினார். “நம்ம ஆளுங்களுக்கு வண்டிதான் சரிம்மா” என்றார்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் நாடகம் போட்டோம். அதை நிறுத்தியது பரமசிவமும் இல்லை, ஆர்க்கெஸ்ட்ராவும் இல்லை. வண்டிகள் அதிகமாகிவிட்டன. அட்டவணை மாறும்போதெல்லாம் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு காட்சிக்கு நான்கு நிமிடம்தான் கிடைத்தது. “ஒருத்தன் காதலிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி வந்துடுது. நான் என்னத்த எழுதறது?” என்று சார் பேனாவை மூடினார். ஜமக்காளம் பெட்டிக்குள் போயிற்று. அன்று ஆபீசில் ‘ஒன் மினிட் ப்ளீஸ்’ என்று சொல்லிவிட்டு, லைனைக் கொடுக்க மறந்து உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. பிறகு மைதானம் அடுக்குமாடிக்குப் போயிற்று. மேடை இருந்த இடம் இப்போது எங்கள் கார் நிறுத்துமிடம். நித்யா என்னைப் பார்க்க வந்தால் ஸ்கூட்டரை நிறுத்துவது ஏறக்குறைய நான் கதறிய இடத்தில். நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். பால்கனியிலிருந்து தண்டவாளம் தெரியும்.

சாமுவேல் சார் இறந்தபோது ஒரு பிற்பகலில் அவர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். போதகர் ஜெபித்து முடித்து, கூட்டம் ஒரு பாமாலையைப் பாடத் தொடங்கியது. இரண்டாம் அடியில் வண்டி வந்தது. கூட்டம் பாடிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தினேன். ஜெயராஜ் அண்ணன் நிறுத்தினார். வாசலில் ஆட்டோவின் மேல் சாய்ந்து நின்ற ஏழுமலை அண்ணன், தலையைச் சொறியத் தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். ஜெயராஜ் அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார், தோள் குலுங்கியது, கைக்குட்டைக்குள் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என் உதடும் சும்மா இல்லை. வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி அரைக் கிலோ. வண்டி போனதும் நாங்கள் மூவரும் விட்ட எழுத்திலிருந்து பாடினோம். மற்றவர்கள் ஒரு சரணம் தாண்டியிருந்தார்கள். போதகர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அன்று அழுத அளவுக்கு நான் என் வீட்டு ஆட்களுக்கே அழுதிருப்பேனா என்பது சந்தேகம்.

ஏழுமலை அண்ணனும் போய்விட்டார். ஜெயராஜ் அண்ணன் குரோம்பேட்டையில் இருந்தவரை ஞாயிறு மாலைகளில் போனில் பேசுவோம். பேச்சின் நடுவே என் பக்கம் பீச் வண்டி வரும். நான் நிறுத்துவேன், அவர் காத்திருப்பார். சில நிமிடத்தில் அதே வண்டி அவர் வீட்டுப் பக்கம் போகும். அவர் நிறுத்துவார், நான் காத்திருப்பேன். இரண்டு பேரும் ஒருநாளும் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தியதில்லை. நித்யாவிடமோ வேறு யாரிடமோ பேசினால் இந்த நேரத்தில் லைன் போய்விட்டதென்று வைத்துவிடுகிறார்கள். போன வருடம் அவர் மகனோடு பொத்தேரிக்குப் போய்விட்டார். மாணவர் விடுதிகளுக்கு நடுவே பன்னிரண்டாம் மாடி. கீழே அதே தண்டவாளம்தான் போகிறது. ஆனால் ஏ.சி.க்காக ஜன்னல்களைத் திறப்பதே இல்லையாம்.

ஆண்டு விழா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, உறைந்து நின்ற மந்திரியையும் மூக்கைச் சொறிந்த மானையும் பற்றிச் சொல்ல அவருக்குப் போன் செய்தேன். ரொம்ப ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மந்திரி கையைத் தூக்குகிற இடத்துக்கு வந்தபோது பால்கனிக்கு வெளியே வண்டி வந்தது. நிறுத்தினேன். கடைசிப் பெட்டி போகட்டும் என்று காத்திருந்தேன்.

“ஹலோ? ஹலோ?” என்றார் ஜெயராஜ் அண்ணன். “கேக்குதாம்மா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேண்ணா. வண்டி போச்சு.”

“எந்த வண்டி?” என்று கேட்டார்.